ரயில் கம்பனியின் பொறுப்பைத் தண்டவாளத்தில் தேடுங்கள்

திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டது இது: “பயணிகள் ரயில் கம்பனி ஒன்று நிலைபேறுக்கும் சமூகப் பொறுப்புக்கும் என்ன செய்கிறது என்று ஒப்படை எழுத வேண்டும். தேடினால் எல்லாரும் மரம் நட்டோம், பாடசாலைக்குக் கொப்பி கொடுத்தோம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா? எங்கள் திருகோணமலைப் பாதையை வைத்து விளக்க முடியுமா?”

நிறையவே இருக்கிறது தங்கச்சி. மரம் நடுவதும் கொப்பி கொடுப்பதும் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றை ஒரு வங்கியும் செய்யலாம், பிஸ்கட் கம்பனியும் செய்யலாம். ரயில் ஓட்டுகிறவரால் மட்டும் செய்யக்கூடியது என்ன, அவர் செய்யாமல் விட்டால் வேறு எவராலும் செய்ய ஏலாதது என்ன என்று கேட்டுப் பாருங்கள், விடை அங்கேதான் கிடக்கிறது. போக்குவரத்துத் திட்டமிடல் வேலையில் கனகாலம் இருந்தவன் நான். ஒரு ரயில் கம்பனியின் ஆண்டறிக்கை கையில் வந்தால் நட்ட மரம் எத்தனை என்று பார்ப்பதற்கு முன், ரயிலுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்றுதான் பார்ப்பேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். எங்கள் நாட்டில் பயணிகள் ரயில் கம்பனி என்று ஒன்று இல்லை, இருப்பது புகையிரதத் திணைக்களம். அதனால் கம்பனி என்ற சொல்லுக்கு உதாரணங்களை வெளிநாட்டில் இருந்து எடுக்கிறேன், கேள்விகளை எங்கள் பாதையில் இருந்து எடுக்கிறேன். கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக எங்கள் ஊர் வரைக்கும் வரும் அந்த சுமார் 70 கிலோமீற்றரில் இந்த விசயத்தின் எல்லாப் பக்கமும் இருக்கிறது.

ரயில் ஏன் சுற்றாடலுக்கு நல்லது என்று பலர் சொல்கிறார்கள், காரணத்தைச் சொல்கிறவர்கள் குறைவு. காரணம் சில்லில் இருக்கிறது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது வரும் தடை, ரப்பர் ரயர் தார் ரோட்டில் உருளும்போது வரும் தடையின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒருமுறை வேகம் எடுத்துவிட்டால் அதைப் பிடித்து வைத்திருக்கப் பெரிய சக்தி தேவையில்லை. உலகம் முழுவதையும் எடுத்தால், சர்வதேச எரிசக்தி முகவரகம் 2019இல் போட்ட கணக்கின்படி பயணிகள் போக்குவரத்தில் 8 சதவீதத்தையும் சரக்கில் 7 சதவீதத்தையும் ரயில் சுமக்கிறது, ஆனால் போக்குவரத்துக்குப் போகும் சக்தியில் அது எடுப்பது வெறும் 2 சதவீதம். ஐரோப்பியச் சுற்றாடல் முகவரகத்தின் 2018ஆம் ஆண்டுக் கணக்கில், ஒரு பயணியை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக ரயில் வெளியிடுவது 33 கிராம் காபனீரொட்சைட்டு, கார் 143, விமானம் 160.

இந்த எண்களை அப்படியே தூக்கி ஒப்படையில் போட்டுவிடாதீர்கள். அது ஐரோப்பா, அங்கே பெரும்பாலும் மின்சார ரயில். எங்களுடையது டீசல். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டீசல் ரயில் கிலோமீற்றருக்கு 3 லீற்றர் குடிக்கிறது. உள்ளே 300 பேர் இருந்தால் ஆளுக்கு 10 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும், அப்படியானால் ஆளுக்கு 27 கிராம், அருமையான எண். அதே ரயிலில் 40 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 75 மில்லிலீற்றர், 200 கிராம். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் டீசல் காரில் ஒருவர் தனியாகப் போனால் 180 கிராம். ஆக, வெறுமையாக ஓடும் டீசல் ரயில் காரை விடவும் மோசம். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் பஸ்ஸில் 50 பேர் இருந்தால் ஆளுக்கு 5 மில்லிலீற்றர்தான், நிரம்பிய டீசல் ரயிலை அது வென்றுவிடும். இதைத் தெரிந்துகொண்டும் நான் ரயில் பக்கம்தான் நிற்கிறேன், ஏனென்றால் ரயிலை மின்சாரத்துக்கு மாற்றலாம், பெட்டியைக் கூட்டலாம், படுத்துக்கொண்டு போகலாம். ஆனால் “ரயில் என்றாலே பசுமை” என்று ஒரு கம்பனி எழுதினால், எத்தனை பேரோடு என்று உடனே கேளுங்கள்.

நேரசூசி என்கிற சாதாரண விசயம் அதனால்தான் ஒரு ரயில் கம்பனியின் மிகப் பெரிய சுற்றாடல் ஆவணம். சனம் போக வேண்டிய நேரத்துக்கு ரயில் இல்லை, இருந்தாலும் நேரத்துக்கு வராது என்றால், இருக்கிறவர்கள் வான் பிடிப்பார்கள், இல்லாதவர்கள் நின்றுகொண்டு பஸ்ஸில் போவார்கள். எங்கள் இரவு ரயிலைப் பாருங்கள். கொழும்பு சுமார் 300 கிலோமீற்றர் தூரம், இரவில் ஏறினால் விடியக் கோட்டையில் இறங்கலாம். அந்தப் பெட்டியில் யார் இருக்கிறார்கள் என்று நான் பல தரம் கவனித்திருக்கிறேன். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர்களை உடனே தெரியும். பெரிய மஞ்சள் ஸ்கேன் உறையை மடியில் வைக்க மாட்டார்கள், மடங்கிவிடும் என்று யன்னலுக்கும் உடம்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். பக்கத்தில் மகளோ மருமகளோ, கையில் பிளாஸ்க், துவாய் சுற்றிய தலையணை. இந்த மனிதர்களுக்கு வான் பிடிக்கக் காசு இல்லை, பஸ்ஸில் குலுங்கிப் போக உடம்பு விடாது. ஒரு ரயில் அமைப்பின் சமூகப் பொறுப்பை இரண்டு வரியில் எழுதச் சொன்னால் நான் அந்த இருக்கையைத்தான் எழுதுவேன். அந்த ரயில் ஒவ்வொரு இரவும் தவறாமல் புறப்படுவதற்கு ஈடாக எந்த நன்கொடையும் இல்லை.

கட்டணமும் இதோடுதான் சேரும். எங்கள் நாட்டில் பருவச்சீட்டுக் குறைந்த விலையில் இருப்பதால்தான் எத்தனையோ பிள்ளைகள் ரியூசனுக்கும் அலுவலர்கள் வேலைக்கும் போய் வருகிறார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றபோது நாடு முழுக்க ரயிலை நோக்கி ஓடியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே வருடம் ஜெர்மனியில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ்ஸில் போகலாம் என்று ஒரு சீட்டு விட்டார்கள், 5 கோடிக்கு மேல் விற்றது. சனம் வந்தது, ஆனால் பெட்டி அந்த அளவுக்குக் கூடவில்லை, பிரபலமான பாதைகளில் ஏற இடமில்லாமல் போனது. விலையைக் குறைத்தால் மட்டும் போதாது, இடமும் கூட்ட வேண்டும் என்று அதில் இருந்து தெரிந்துகொண்டார்கள்.

சரி, எரிபொருளுக்கு வருவோம். நெதர்லாந்தின் ரயில் கம்பனியான என்எஸ், 2017 ஜனவரி 1இல் இருந்து தன் மின்சார ரயில்கள் முழுவதும் காற்றாலை மின்சாரத்தில் ஓடுவதாக அறிவித்தது. வருடத்துக்கு ஏறக்குறைய 1.2 டெராவாற்று மணி, அதாவது 120 கோடி யூனிற். கம்பியில் வரும் மின்சாரத்தில் இது காற்று, இது நிலக்கரி என்று பிரித்து எடுக்க ஏலாது, அப்படியென்றால் இது வெறும் பேப்பர் கணக்கா என்று கேட்கலாம். முழுக்க அப்படி இல்லை. இவ்வளவு மின்சாரத்தை நாங்கள் வாங்குவோம் என்று ரயில்காரர்கள் பல வருட ஒப்பந்தம் போட்டார்கள், அந்த உறுதியை வைத்துப் புதிய காற்றாலைகள் கட்டப்பட்டன. இருக்கிற காற்றாலையின் சான்றிதழை வாங்கி ஒட்டுவதற்கும் இல்லாத காற்றாலையை வர வைப்பதற்கும் பெரிய வித்தியாசம். எந்த அறிக்கையிலும் “100 சதவீதம் பசுமை மின்சாரம்” என்று கண்டால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பல அறிக்கைகள் அந்த இடத்தில் மௌனமாகிவிடும்.

சுவிற்சர்லாந்துக் கதை வேறு. முதலாம் உலக யுத்தத்தில் வெளிநாட்டு நிலக்கரி கிடைக்காமல் ரயில் முடங்கியபோது, எங்களிடம் மலையும் ஆறும் இருக்கிறது, ஏன் அடுத்தவனை நம்ப வேண்டும் என்று நீர்மின் பக்கம் திரும்பினார்கள். இன்றைக்கு அவர்களுடைய ரயில் மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் நீரில் இருந்து வருகிறது, ரயில் கம்பனியே சொந்தமாக மின்நிலையம் வைத்திருக்கிறது. காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் தொடங்கிய வேலை அது.

இந்தியா அகலப் பாதையில் ஏறக்குறைய முழுவதையும் மின்மயமாக்கிவிட்டது. பெரிய சாதனைதான், ஆனால் அங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்து வருவதால், எஞ்சினில் இருந்த புகை மின்நிலையத்துக்கு இடம் மாறியிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். மின்நிலையம் சுத்தமாக ஆக ரயிலும் தானாகச் சுத்தமாகும் என்பதுதான் அதில் இருக்கும் நன்மை. எங்கள் மாவட்டத்துக்கு இது தூரத்துக் கதை இல்லை. சம்பூரில் வரவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது, அங்கேயே சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் வேலை தொடக்கி வைத்தார்கள். மூதூர்ப் பக்கம் விளையும் வெயில் ஒரு நாள் ரயில் இழுக்கும் என்று நினைப்பது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. எல்லாப் பாதைக்கும் மேலே கம்பி போடுவது கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. ஜெர்மனியின் லோவர் சாக்சனியில் 2018இல் ஐதரசனில் ஓடும் ரயிலைப் பயணிகள் சேவைக்கு விட்டார்கள், 2022இல் 14 ரயில்களாக்கினார்கள், பிறகு கணக்குப் பார்த்து, இனி வாங்குவது பற்றரி ரயில் என்று அந்த மாநிலம் முடிவெடுத்தது. செய்து பார்த்து, சரிவரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதை நான் மதிக்கிறேன்.

புதியது வாங்குவதுதான் நிலைபேறு என்று நினைக்கவும் வேண்டாம். கனடாவில் ரொறன்ரோவில் இருந்து வன்கூவர் வரை 4,466 கிலோமீற்றர் ஓடும், வியா ரயில் என்ற கம்பனியின் ‘கனேடியன்’ வண்டியில் போகும் பெட்டிகள் 1954, 55இல் செய்த துருப்பிடிக்காத உருக்குப் பெட்டிகள். உள்ளே இருக்கை, குளிரூட்டி, வயர் எல்லாவற்றையும் காலத்துக்குக் காலம் மாற்றி, உடம்பை மட்டும் அப்படியே வைத்து 70 வருடமாக ஓட்டுகிறார்கள். ஒரு தொன் உருக்குச் செய்ய ஏறக்குறைய 2 தொன் காபனீரொட்சைட்டு வெளிவருகிறது என்பதை யோசித்தால், செய்யாமல் விட்ட பெட்டி எவ்வளவு மிச்சம் என்று புரியும். இதில் எங்களுக்கும் ஒரு உறவு இருக்கிறது. அதே 1954இல்தான் கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா எங்களுக்கு டீசல் எஞ்சின்களைத் தந்தது, ரயில் பிரியர்கள் எம்2 என்று சொல்வது அவற்றைத்தான். ஆல்பர்ட்டா, ஒன்ராறியோ என்று கனடிய மாகாணப் பெயர் எழுதிய அந்த எஞ்சின்களைத் திருத்தித் திருத்தி உயிரோடு வைத்திருந்தவர்கள் எங்கள் வேலைத்தளத்துத் தொழிலாளர்கள். அந்தக் கைத்திறனுக்கு எந்த நிலைபேறு அறிக்கையிலும் இடம் கிடைத்ததில்லை, கிடைத்திருக்க வேண்டும். பழைய எஞ்சின் கூடப் புகை விடும், அது சரிதான். பெட்டியைக் காப்பாற்று, எஞ்சினை மாற்று என்பதுதான் பெரும்பாலும் சரியான விடை. வியாவும் நீண்டதூரத்தில் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு, கியூபெக் – வின்சர் பாதைக்கு மட்டும் 32 புதிய ரயில்களை வாங்கியது.

இனி யானை. நாங்கள் இங்கே ரயிலையும் சுற்றாடலையும் சேர்த்துக் கதைக்கிறோம் என்றால் இதைத் தாண்டிப் போக முடியாது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம், மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போன ரயில் விடியற்புறத்தில் யானைக் கூட்டத்தில் மோதியது. 6 யானைகள் செத்தன, ரயிலும் தடம் புரண்டது. அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கவுடுல்ல, மின்னேரியாக் குளங்களில் வரட்சிக் காலத்தில் தண்ணீர் வற்ற, குளத்து அடியில் புல் முளைக்கும், அதைத் தேடி யானைகள் நூற்றுக்கணக்கில் வரும். தண்டவாளம் அவற்றின் வழியைக் குறுக்கே வெட்டுகிறது. யானை பாதையைக் கடந்தது என்று நாங்கள் எழுதுகிறோம், பாதைதான் யானையைக் கடந்தது.

சாரதியைக் குறை சொல்வது சுலபம். ஓடும் ரயிலை நிறுத்தப் பல நூறு மீற்றர் வேண்டும். வளைவில் முன்விளக்கு நேரே காட்டுக்குள் அடிக்கும், தண்டவாளத்தில் அடிக்காது. மேடு போட்ட பாதையில் இரண்டு பக்கமும் சரிவு செங்குத்தாக இருந்தால், பயந்த யானை பக்கத்தால் இறங்காது, தண்டவாளத்தின் வழியே முன்னுக்கு ஓடும், குட்டி இருந்தால் தாய் விட்டுப் போகாது. பயணிகள் யன்னலால் எறியும் சாப்பாட்டு மிச்சம் வேறு அவற்றைப் பாதைக்கு இழுக்கும். இவ்வளவும் தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். வளைவில் புதரை வெட்டிப் பார்வையைத் திறக்க வேண்டும், மேட்டின் சரிவைச் சாய்த்து யானை இறங்கக்கூடியதாக்க வேண்டும், பெரிய வழித்தடத்தில் பாதைக்குக் கீழே கடவை விட வேண்டும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மதுக்கரைப் பக்கம் யானைகள் தொடர்ந்து அடிபட்ட பாதையில் 2024இல் 12 கோபுரங்கள் வைத்து, வெப்பத்தைக் காணும் கமராவால் இரவிலும் யானையைக் கண்டு, வனத்துறைக்கும் ரயில்காரருக்கும் உடனே தகவல் போகும்படி செய்திருக்கிறார்கள். அசாம் பக்கத்து ரயில்வே 2017இல் இருந்து கடவைகளில் தேனீயின் ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் போடுகிறது, யானைக்குத் தேனீ என்றால் பயம்.

எல்லாவற்றிலும் மலிவானது வேகத்தைக் குறைப்பதுதான். கணக்கைப் பாருங்கள். 20 கிலோமீற்றர் ஆபத்தான பகுதியை 60 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 20 நிமிடம், 30 வேகத்தில் கடக்க 40 நிமிடம். விலை 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தை நேரசூசியிலேயே எழுதி, இன்ன மணியில் இருந்து இன்ன மணி வரைக்கும் இப்படித்தான் ஓடும் என்று பயணிகளுக்குச் சொல்லிவிட்டால், சாரதி பிந்துகிறோமே என்று பதற மாட்டார். எழுதாமல் “கவனமாக ஓட்டு” என்று மட்டும் சொன்னால், பொறுப்பைத் தூக்கிச் சாரதியின் தலையில் வைக்கிறோம். யானைப் படம் போட்ட அறிக்கை ஒன்றையும், அந்த 20 நிமிடம் ஏறிய நேரசூசி ஒன்றையும் என் முன்னால் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

யானையைப் பற்றி எழுதுகிறவர்கள் மலசலகூடத்தைப் பற்றி எழுதக் கூச்சப்படுகிறார்கள். பழைய பெட்டியில் கழிவு நேரே பாதையில் விழும். அந்தப் பாதையில் குனிந்து நின்று ஆணி இறுக்குகிறவர், கல் கிளறுகிறவர் யார்? விடிய எழும்பி நாலைந்து பேராகச் சுத்தியல், கடப்பாரை தூக்கிக்கொண்டு நடக்கும் பாதைத் தொழிலாளர்கள். ரயில் போன கையோடு அவர்கள் அங்கே நிற்கிறார்கள். தண்டவாளமும் ஆணியும் அந்த ஈரத்தில் துருப்பிடிக்கின்றன என்பது பொறியியல் கணக்கு, மனிதக் கணக்கு அதற்கு முதல் வர வேண்டும். இந்திய ரயில்வே இதற்குப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, பெட்டிக்கு அடியில் தொட்டி வைத்து பற்றீரியாவால் கழிவைச் சிதைக்கும் உயிரிக் கழிப்பறையைச் செய்து, பயணிகள் பெட்டிகளில் இரண்டரை லட்சத்துக்கு மேல் பொருத்தியது. சமூகப் பொறுப்பு என்றால் வெளியாருக்குச் செய்யும் உதவி என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது சொந்தத் தொழிலாளியின் காலடியில் இருந்துதான் தொடங்கும்.

பாதை ஓரத்துப் புல்லும் இந்த வகைதான். புல்லு மண்டினால் சல்லிக் கல்லுக்குள் தண்ணீர் தேங்கும், தேங்கினால் பாதை இளகும், ஆகவே அழிக்கத்தான் வேண்டும். மருந்தடித்தால் அது வயலுக்கும் குளத்துக்கும் போகும், தம்பலகாமத்தில் தண்டவாளத்துக்கும் வயலுக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். ஜெர்மன் ரயில் கம்பனி 2023இல் இருந்து கிளைபோசேற் என்ற புல் மருந்தை அடிப்பதை விட்டுவிட்டது.

ஒரு சின்ன நிலையத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன், எந்த ஊர் என்பது தேவையில்லை. மேடை தாழ்வு, பெட்டியின் முதல் படி இடுப்பு உயரம். ஒரு அம்மம்மா, வெள்ளைச் சேலை, கையில் உமல் பை. முதலில் பையை உள்ளே எறிந்தார். பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினார், மற்றக் கால் எழும்பவில்லை. மேலே நின்ற ஒரு பெடியன் குனிந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான், கீழே நின்ற தேங்காய் வியாபாரி கணுக்காலைப் பிடித்து உயர்த்தினார். ஏறி இருந்ததும் அந்த அம்மம்மா முதலில் செய்தது சேலையைச் சரிசெய்ததுதான். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் பொறுக்குதில்லை. இரண்டு அந்நியர் தொட்டுத் தூக்கினால்தான் பயணம் என்றால், அவர் எத்தனை பயணத்தை வேண்டாம் என்று விட்டிருப்பார்? பிரித்தானியாவில் பயணிகள் ரயில் எல்லாம் 2020 ஜனவரிக்குள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்தார்கள். யப்பானில் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் நிலைய ஊழியர் மடக்குப் பலகையைக் கொண்டு வந்து போட்டு ஏற்றி, இறங்கும் நிலையத்துக்கும் சொல்லிவிடுவார், அங்கே இன்னொருவர் பலகையோடு காத்து நிற்பார். பலகைக்கு என்ன பெரிய செலவு?

ரோட்டும் தண்டவாளமும் சந்திக்கும் கடவைகளையும் விட வேண்டாம். காவலாளி இல்லாத கடவையில் சாகிறவர் ரயில் பயணி இல்லை என்பதால் பல அறிக்கைகளில் அவர் வருவதே இல்லை. பிரித்தானியாவில் 2010இல் இருந்து ரயில் துறையும் சமரிற்றன்ஸ் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து, மேடையில் மனமுடைந்து நிற்பவரைக் கண்டால் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கின்றன. ரயில் நிலையத்தில் வேலை செய்கிறவர் மட்டும் செய்யக்கூடிய உதவி அது.

குப்பை. எங்கள் நகரத்துப் புள்ளிமான்களைத் தெரியும்தானே, பிரட்றிக் கோட்டையில் இருந்து இறங்கி ஊருக்குள் வரும். சோறு சுற்றி எறிந்த லஞ்ச் சீற்றை மான் மூக்கால் தள்ளி, ஒட்டியிருந்த பருப்புக்காகச் சீற்றையும் சேர்த்து மெல்வதை நான் ஒரு காலையில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், பறிக்கப் போனால் ஓடியது, வாயில் சீற்றோடு ஓடியது. ரயிலிலும் நிலையத்திலும் சாப்பாடு எதில் கொடுக்கப்படுகிறது என்பது அவ்வளவு சின்ன விசயம் இல்லை. ஆனால் ‘சுத்தமான நிலையம்’ என்று சொல்லி வடைக்காரரைத் துரத்துவதை நான் ஏற்க மாட்டேன். இறால் வடை விற்கிறவரும் கச்சான் விற்கிறவரும் அந்த ரயிலை நம்பிப் பிள்ளை வளர்க்கிறவர்கள். இந்தியாவில் 2022இல் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்று தொடங்கி, அந்தந்த ஊர்ப் பொருளை அந்தந்த நிலையத்தில் விற்க இடம் கொடுத்தார்கள். கந்தளாயில் சட்டித் தயிருக்கு அப்படி ஒரு மேசை போட்டால் பிளாஸ்ரிக்கும் இல்லை, குடும்பமும் பிழைக்கும்.

காசு வராத பாதையை ஓட்டுவதும் பொறுப்புத்தான், ஒருவேளை மிகக் கடினமானது. கனடாவின் வடக்கே சேர்ச்சில் என்ற ஊருக்கு ரோட்டே கிடையாது. வின்னிபெக்கில் இருந்து வியா ரயில் போகிறது. 2017 மே மாதம் வெள்ளத்தில் பாதை அரித்துப் போய், 2018 டிசம்பர் வரைக்கும் பயணிகள் ரயில் இல்லை, ஆகாயத்தால் வந்த சாமானின் விலையில் அந்தச் சனம் வாழ்ந்தது. ரயில் இல்லாமல் போவது என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்கு 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில்தான் திரும்பப் போனது. முதல் நாள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் சனம் நின்று கை காட்டியது, ரயிலையே காணாமல் வளர்ந்த ஒரு தலைமுறை அங்கே நின்றது. எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு வருமானம் என்று மட்டும் பார்க்கிறவர் இந்தப் பாதைகளை மூடச் சொல்வார். ஏறாதவருக்கும் அந்த ரயில் ஒரு காப்பு என்பதை அவர் எந்த நிரலில் எழுதுவார்?

ஒப்படைக்கு வருவோம். எந்தக் கம்பனியை எடுத்தாலும் புகைக் கணக்கு மூன்று வட்டமாக இருக்கும்: தானே எரித்தது, வாங்கிய மின்சாரத்துக்காக வேறு இடத்தில் எரிந்தது, தண்டவாளம் பெட்டி செய்ததில் இருந்து பயணி வீட்டில் இருந்து ஓட்டோவில் வந்தது வரைக்கும் மிச்சம் எல்லாம். மூன்றாவது வட்டத்தை மெல்ல விட்டுவிடுவார்கள், அது இருக்கிறதா என்று பாருங்கள். புகை குறைந்தது என்று காட்டினால், எந்த வருடத்தோடு ஒப்பிட்டது, ஒரு பயணிக்கா மொத்தத்துக்கா என்று பாருங்கள். கொரோனா வருடத்தை அடிப்படையாக வைத்திருந்தால் அந்த ஒப்பீட்டை ஒதுக்கி வையுங்கள், அப்போது ரயில் வெறுமையாக ஓடியது. விபத்து, கடவை மரணம், அடிபட்ட விலங்கு, ரத்தான ரயில் ஆகிய எண்கள் அறிக்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிறகு ஒரு நாள் நிலையத்துக்குப் போய், கொழும்பில் இருந்து இரவு ரயில் வந்து நிற்கும்போது வாசலில் நின்று எண்ணுங்கள். எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேருக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது, இறங்கினவர்களில் எத்தனை பேருக்கு ஊருக்குப் போக பஸ் காத்து நின்றது. ஒரு வாரம் எண்ணினால் போதும், உங்கள் பேராசிரியரிடம் இல்லாத தரவு உங்கள் கையில் இருக்கும். எண்ணி முடித்ததும் அனுப்புங்கள், ஆளுக்கு எத்தனை கிராம் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.